பொன்னிக்காக எழுதும் கடிதம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொன்னி பெங்களூரில் செவிலியராக வேலைக்குச் சேரப் போகிறாள் என்றறிந்து மிகவும் மகிழ்ந்தேன். செவிலியராக இருக்கும் என் தங்கை மகள் மலருக்கு, யாருக்கோ போட்ட ஊசி தவறிக் குத்தியதைப் பற்றிக் கேட்டு, "ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. தொற்றும் என்றால், அதற்காக ஒரு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டுமா?" என்றும் எழுதியிருந்தாய். பொன்னியும் அந்த வேலைக்குப் போவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கூர்மையான பொருள்களைத் துளைபடாத வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும் என்பது விதி. மலர் வேலை பார்க்கும் இடத்தில் யாரோ ஊசியை மஞ்சள் பையில் போட்டிருக்கிறார்கள். பையைக் கட்டும்போது கையுறையைத் துளைத்துக்கொண்டு அது அவள் விரலில் ஏறிவிட்டது. அவள் விரலைப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நேரே மாநகராட்சி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனாள். ஊசியில் துளை உண்டா, ரத்தம் தெரிந்ததா, எவ்வளவு ஆழம் என்றெல்லாம் கேட்ட மருத்துவர், அது யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாத நிலையில் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தின் முதல் மாத்திரையை உடனே கொடுத்துவிட்டார்.

நீ சொல்லும் ஆயிரத்தில் மூன்று என்பது, எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தவரின் ரத்தம் பட்ட ஊசிக்கான கணக்கு. மலருடைய ஆபத்து அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஆனாலும் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை கிருமி காத்திருக்காது, செல்வி. நுழைந்த இடத்திலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், அங்கே பெருகி உடம்பெங்கும் பரவுவதற்கு அதற்குச் சில நாட்களே போதும். அதற்குள் பெருக விடாமல் தடுப்பதுதான் மருந்தின் வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை என்று கருதப்படுகிறது. தொடங்கிய மருந்தை, தேவையில்லை என்று தெரிந்தால் மருத்துவரைக் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். தவறவிட்ட நேரத்தை எப்படித் திரும்பப் பெறுவது? ஆகவே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு யோசிப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம். ஆணுறை கிழிந்தவர்களுக்கும், வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் இதே நேரக்கணக்குதான்.

மலருக்குக் கொடுத்தது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் என்ற மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினமும் ஒன்றாக 28 நாள். தொடக்கத்தில் மலருக்குக் குமட்டல் இருந்தது. ரத்தசோகைக்கு அவள் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரை இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், இதைக் காலையிலும் அதை இரவிலும் வைத்துக்கொண்டாள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகளுக்கான பரிசோதனைகளும் சிறுநீரகப் பரிசோதனையும் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி செய்ய வேண்டும்.

என்னை வருத்தியது என் தங்கையின் பேச்சுதான். கல்யாணம் ஆக வேண்டிய பெண் இந்த மாத்திரையை வாங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அழுதாள். ஒருவரின் எச்.ஐ.வி. விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என எடுத்துச் சொன்னேன். அப்போதும் அவள் சமாதானமாகவில்லை. நாலு பேருக்குப் பயந்து அந்த நேரத்தை வீணாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பொன்னி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாத் தவணையும் போட்டுக்கொண்டாளா என்று பார். வேலையில் சேரும் முதல் நாளே, ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், இரவில் இந்த மருந்து எங்கே இருக்கும், அலமாரிச் சாவி யாரிடம் என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு அவசியம் எழுது.

அன்புடன்,
மங்கை