மஞ்சள் கூரை டாக்சியும் பத்தாண்டுப் பாசமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கார் சிறப்புக் கட்டுரையைப் பொறுமையோடு படித்து முடித்தேன். சிங்கப்பூரில் ஒரு கார் பத்தாண்டுக்குமேல் கையில் தங்காது என்பதால் இங்குள்ளவர்களுக்கு அதன்மேல் பாசம் வளர வழியில்லை என்றும், கார் நினைவுகள் எல்லாம் தமிழ்நாட்டில் அம்பாசடரில் ஏறி வளர்ந்தவர்களுக்கே உரியவை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இந்த வரி உங்கள் பார்வையைத் தாண்டி எப்படி அச்சேறியது என்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஏலத்தில் சான்றிதழ் எடுத்தால்தான் புதிய வண்டியைப் பதிய முடியும் என்ற வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990 மே மாதத்தில் வந்தது என்பதும், அந்தச் சான்றிதழின் பத்தாண்டு முடிந்ததும் வண்டியின் பதிவை ரத்துசெய்ய வேண்டும் அல்லது முந்தைய மூன்று மாதச் சராசரிச் சான்றிதழ்க் கட்டணத்தைக் கட்டி ஐந்து அல்லது பத்தாண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் தாங்கள் அறிந்தவை. அப்படிப் புதுப்பிப்பவர், பத்தாண்டுக்குள் பதிவை ரத்துசெய்திருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும் தொகையையும் இழக்கிறார். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது. புதிய கார் கட்டுப்படியாகாமல் புதுப்பிப்பவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சின் மிங் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக வேலை பார்த்த காலம் முழுவதும், கணக்குப் பார்த்தால் நட்டம் என்று தெரிந்தே, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டி என்பதற்காகவே பணம் கட்டிப் புதுப்பித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பாசம் இல்லை என்று கட்டுரையாளர் எந்த ஆதாரத்தில் சொல்கிறார்?

வண்டியைக் கழிவுக்கு அனுப்பும் நாளில் பட்டறைக்கு வந்து, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் சிலையைப் பெயர்த்தெடுத்து, அடுத்த காரில் வைப்பதற்காகக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனவர்கள் பலர். சாவியை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பழைய பதிவெண்ணைக் கட்டணம் செலுத்தித் தக்கவைத்து, புதிய வண்டியில் பொருத்தியவர்களும் உண்டு. பத்தாண்டில் பிரிய நேரலாம் என்று முதல்நாளே தெரிந்தும், கோயில் வாசலில் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டுத்தான் நம்மவர்கள் புதிய காரை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

இனி அந்தக் கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படத்துக்கு வருகிறேன். சிராங்கூன் சாலையில் நிற்கும் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட டாக்சியின் கீழே அம்பாசடர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு என்ற பிரிட்டிஷ் கார். 1950களில் வந்த மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டைக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கியதுதான் அம்பாசடர். 2014 வரை வெளிவந்த அந்த வண்டியின் பின்பக்கம் கடைசிவரை உருண்டையாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1959இல் வந்த அடுத்த மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டுக்கு இத்தாலியின் பினின்ஃபாரினா நிறுவனம் வடிவம் கொடுத்தது. அதன் பின்பக்க ஓரங்கள் துடுப்புபோல் உயர்ந்து நிற்கும். உங்கள் படத்தில் அந்தத் துடுப்பு தெளிவாகவே தெரிகிறது. என் தந்தை ஓட்டியதும் அதே வகை டீசல் வண்டிதான். காலையில் டீசல் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் அதைச் சூடாக்கும் குளோ பிளக் சூடாகும்வரை காத்திருந்து அவர் இன்ஜினைக் கிளப்பும்போது எழும் சத்தத்திலேயே அண்டைவீட்டார் நேரத்தைக் கணித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுச் சோற்றுக்கும் என் பள்ளிப் படிப்புக்கும் அந்த வண்டிதான் சம்பாதித்துக் கொடுத்தது. அதற்கு வேறொரு வண்டியின் பெயரைப் போட்டதோடு, எங்களுக்குக் கார் நினைவே கிடையாது என்றும் அதே பக்கத்தில் எழுதினால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இது முதல் தடவையும் அல்ல. மரினா பே ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தைப் பற்றி எழுதியபோது, 2008இல்தான் சிங்கப்பூர் கார் பந்தயத்தை முதன்முதலாகக் கண்டதாக உங்கள் இதழ் குறிப்பிட்டது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையை அடைத்து நடந்த பந்தயங்களை மண்மேட்டில் நின்று பார்த்தவர்களுள் நானும் ஒருவன். நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 என்று தொடர்ந்து மூன்றாண்டுகள் வென்றபோது எங்கள் தெருப் பையன்கள் அனைவரும் அவரைப்போலவே சைக்கிள் ஓட்டித் திரிந்தோம். அதை விளக்கி அனுப்பிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையைப் பற்றி எழுதும்போதும் 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் அங்கே சரணடைந்ததோடு முடித்துக்கொள்கிறீர்கள். போருக்குப் பின் 1980 வரை அங்கே கார்கள் உருவாயின என்பதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை? கார் பக்கம் என்ற பெயரில் மாதந்தோறும் வருவது சான்றிதழ் ஏலக் கட்டணமும் புதிய மாடல்களின் விலையும்தான். டாட்சன் 120ஒய், நம்மவர்கள் டிஎக்ஸ் என்றே அழைத்த கொரோலா கேஇ70 ஆகிய வண்டிகளின் பெயர்கூட அந்தப் பக்கத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கொரோலாவின் இன்ஜினில் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, கார்புரேட்டரைச் சுத்தம்செய்து தொழில் கற்ற ஒரு தலைமுறையே இங்கிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தம் 120ஒய்யைப் பழம்பெரும் கார்களுக்கான திட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறார். 35 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கான அத்திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்களே சாலையில் ஓட்டலாம். எந்தெந்த நாளில் வண்டியை வெளியே எடுப்பது என்று அவர் வருடத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து வைக்கிறார். அவரைக் கட்டுரையாளர் ஒருமுறை சந்தித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

அம்பாசடரை நேசிப்பவர்களோடு எனக்குப் பகை ஏதும் இல்லை. அது நல்ல வண்டி. நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் படக்குறிப்பை மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு என்று திருத்தி வெளியிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, என் தந்தையின் டாக்சியைப் பின்பக்கமிருந்து எடுத்த படத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஈசூன்