சீட்டுக்கு அடியில் கட்டிய பொட்டலம்

சைக்கிள் கடைத் தாத்தாவுக்கும், எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பொதுத்தேர்வு மார்ச் 25ஆம் தேதியோடு முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாள் வரைக்கும் காத்திருக்க மனமில்லை, இப்போதே எழுதுகிறோம். டிசம்பர் 2ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஊத்தங்கரைப் பக்கம் என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

தாத்தா, பள்ளிக் கொட்டகையில் சேற்றுக்குள் கிடந்த 43 சைக்கிள்களை நாங்கள் ஓஸ் பைப் போட்டு அடித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது நீங்களாகவே வந்தீர்கள். யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. முதலில் தண்ணீரை நிறுத்தச் சொன்னீர்கள். "சக்கரம் சுத்துதேன்னு ஏமாறாதீங்க கண்ணு, உள்ள மண்ணு அரைச்சிக்கிட்டு இருக்கும்" என்றீர்கள். பைப்பின் வேகத்தில் வண்டல், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். அது கிரீஸோடு கலந்தால், பால்ரஸ் குண்டுகள் உருளும் கிண்ணமான கப்பையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோனையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஒரு மாதத்தில் சக்கரம் ஆட்டம் காணும், பிறகு கோனை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. தேர்வு நெருங்கும் நேரத்தில்தான் அது தெரிய வந்திருக்கும்.

அதன் பிறகு எட்டு நாள், வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து நீங்கள் செய்ததை அடுத்து வருகிறவர்களுக்காக அப்படியே எழுதி வைக்கிறோம்.

முதலில் சீட்டைக் கம்பியோடு உருவி, சைக்கிளைத் தலைகீழாகத் தூக்க வேண்டும். ஃபிரேம் குழாய்க்குள் நின்ற சேற்று நீர் அந்த வழியாக வெளியே வரும். இதை விட்டால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும். அடுத்தது ஹப். ஒரு பக்கத்துக் கோனை மட்டும் கழற்றி, பால்ரஸ்களைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 சின்னது, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 பெரியது. ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்து, எண்ணிக்கை சரியாக வரும் வரை எழுந்திருக்கக் கூடாது என்றீர்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை இடம் மாறி மாறி உருண்டு கப்பைக் கெடுக்கும். டீசலில் கழுவி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மங்கிப்போனதையும் புள்ளி விழுந்ததையும் தூக்கிப்போட்டுவிட வேண்டும். கப்பில் கிரீஸ் தடவி அதில் ஒவ்வொன்றாகப் பதித்தால் மூடும்போது உதிராது.

கோனை விரலால் முட்டும் வரை திருப்பி, கால் சுற்று பின்னால் விட்டு, நட்டைப் பூட்ட வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டால் முன்னும் பின்னும் ஆடி, வால்வு இருக்கும் பாரமான பக்கம் கீழே வந்து நிற்க வேண்டும். நடுவில் சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? அப்படியென்றால் தளர்வு. இந்த ஒரு வேலைக்குத்தான் எங்களுக்கு மூன்று நாள் ஆனது. தப்பாகப் பூட்டிய ஒவ்வொன்றையும் நீங்களே பிரித்து, மறுபடி எங்கள் கையிலேயே கொடுத்தீர்கள்.

பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலைப் பிரிக்க விடவில்லை. பின்பக்கமிருந்து டீசலை ஊற்றிச் சுற்றிச் சுற்றி, கறுப்பு நீர் தெளிந்த பிறகு மெல்லிய எண்ணெய் மட்டும் விடச் சொன்னீர்கள். கிரீஸ் வைத்தால் உள்ளே இருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டு, பெடல் வெறுமனே சுற்றும். பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பூட்டும் கோட்டர் பின்னை எடுக்கும்போது நட்டை முழுதாகக் கழற்றாமல் மரை முனை மட்டத்துக்கு நிறுத்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடி. நட்டில்லாமல் அடித்தால் மரை நசுங்கும், முட்டில்லாமல் அடித்தால் அந்த அச்சு சுழலும் பி.பி. கப்பில் பள்ளம் விழும். கூலி என்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கோட்டர் பின், கிரீஸ், டீசல் வாங்கிய கணக்கை நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி, மீதிச் சில்லறையோடு கொடுத்தீர்கள்.

இவ்வளவும் பெரிய உதவிதான். ஆனாலும் எங்களுக்குள் பேசும்போதெல்லாம் கடைசி நாள் நீங்கள் செய்த சின்ன விஷயத்தில்தான் வந்து நிற்கிறோம். 43 சைக்கிளிலும் சீட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம். பழைய டியூபை நறுக்கி, வாயை மடித்து, அதே ரப்பர் வளையத்தால் கட்டியது. உள்ளே ஒரு அங்குல நீளத்தில் வால்டியூப் துண்டுகள் இரண்டு; வால்வு ஊசியின் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய் அது.

வெள்ளத்துக்குப் பிறகு காற்று இறங்கியதில் பாதிக்கு மேல் பஞ்சரே இல்லை. வால்வு ஊசியின் பக்கத்துத் துளையில், ரப்பருக்கு அடியில் ஒரு மணல் துகள் இருந்தால் போதும், ராத்திரி முழுக்கக் கசிந்து காலையில் டயர் தரையில் படுத்திருக்கும். தேர்வு மையம் ஆறு கிலோமீட்டர். 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பார்ப்பது, நட்டைத் திருகி ஊசியை உருவுவது, பழைய ரப்பரை உரித்துத் துளையைத் துடைப்பது, புதியதைத் தண்ணீரில் நனைத்துத் துளை மூடும் வரை ஏற்றுவது, பூட்டிக் காற்றடிப்பது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். எண்ணெய் தொட்டு ஏற்றக் கூடாது, ரப்பர் ஊறிப் போய்விடும் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. மார்ச் மாதத்தில் நான்கு பொட்டலங்கள் அவிழ்க்கப்பட்டன. நான்கு பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாமலே 43 பேருக்கும் உட்கார்ந்து கட்டினீர்களே தாத்தா, அதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நனைந்த ரெக்கார்டு நோட்டுகளைத் தங்கள் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த பக்கத்துப் பள்ளி மாணவர்கள், பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் வைத்து வெயில் படாமல் விசிறிக் காற்றில் உலர்த்திய ஆய்வக உதவியாளர் அக்கா, ராகிக் களியும் கீரைக் குழம்பும் அண்டாவில் கொண்டுவந்த அம்மாக்கள், கணக்குப் பார்க்காமல் நகல் எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்த ஆசிரியர்கள், எல்லோருக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

இரண்டு வருடம் ஒன்றாக இருந்துவிட்டு இப்போது பிரிகிறோம். சிலர் ஓசூருக்கு வேலைக்கு, சிலர் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் கல்லூரிக்கு. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறோம்: ஜூன் முதல் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, ஊரில் இருப்பவர்களில் இரண்டு பேராவது அந்த வேப்பமரத்தடிக்கு வருவோம். பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய சைக்கிள் வந்ததும் முதல் வாரமே எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கிக் கொடுப்போம்.

தம்பி தங்கைகளுக்கு: சைக்கிள் கருவிப் பெட்டி ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கோன் ஸ்பேனர் இரண்டு, டயர் கழற்றும் பட்டை இரண்டு, சுத்தியல், முட்டுக் குழாய், கிரீஸ் டப்பா, ஒரு கை பம்ப். பம்ப் காற்றுப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் தோல் வாஷரைக் கழற்றி ஒரு ராத்திரி தேங்காய் எண்ணெயில் ஊறப் போடுங்கள், புதிது வாங்க வேண்டாம். வால்டியூப் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்கி நறுக்கி வையுங்கள். சீட்டுக்கு அடியில் வெயிலில் கிடப்பது காய்ந்து வெடித்துவிடும்.

அன்புடன்,
2023–25 மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர்