பேரனுக்குப் பெயர்

திருச்சி

அன்பு நண்பா,

தாத்தாவாகிவிட்டாய்! கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டேன். நான் வழக்கம்போல் இருக்கிறேன். முழங்கால்தான் மலைக்கோட்டைப் படி என்றாலே முரண்டு பிடிக்கிறது.

பேரனுக்குத் 'தாயுமானவன்' என்று வைக்க நீ ஆசைப்படுகிறாய், மருமகளோ பழைய பெயர் என்கிறாள். மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையைச் சொல்லிப் பார்த்தாயா? நிறைமாத கர்ப்பிணி இரத்தினாவதிக்குப் பேறு பார்க்கப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. அந்தத் தாயின் உருவில் சிவபெருமானே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இன்றும் சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை நடத்திக் காட்டி, பிரசவ மருந்தையே பிரசாதமாகத் தருகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வதும் உண்டு.

தலபுராணம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, 7ஆம் நூற்றாண்டில், அப்பர் சிராப்பள்ளிப் பதிகத்தில் 'தாயுமாய் எனக்கே' என்று உருகிவிட்டார். எனக்குக் கதையைவிட அந்த உரிமைதான் பிடித்திருக்கிறது. ஆண் பிள்ளைக்குத் தாய்மையைப் பெயராக வைக்க நம்மவர்கள் கூச்சப்படவில்லை, பார். வடமொழியில் இந்தச் சாமி மாத்ருபூதேஸ்வரர், அதை ஒட்டி மாத்ருபூதம் என்றும் வைத்தார்கள். அதில் ஒரு பூதம் ஒட்டிக்கொள்வதால் பள்ளிக்கூடத்தில் பையன் பாடு திண்டாட்டம்!

18ஆம் நூற்றாண்டில் பாடிய தாயுமானவருக்கும் இந்தச் சாமியின் பெயர்தான். அவருடைய தந்தை கேடிலியப்ப பிள்ளை, மூத்த மகனைத் தம் அண்ணனுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, இந்தச் சாமியிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பார்கள்.

நீளம்தான் தடை என்றால், வீட்டில் 'தாயு' என்று கூப்பிடலாம். அதற்கும் மருமகள் இசையாவிட்டால் பிடிவாதம் பிடிக்காதே, பெற்றவள் அவள். அதே சாமிக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர் உண்டு, அதையும் சொல்லிப் பார். தொட்டில் போடும் நாளை முன்கூட்டியே எழுது. கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் கிடைக்காது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்