அலைகரையில் இரண்டு பரப்பு

வவுனியா,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மூத்த மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், நிறையச் சந்தோசப்பட்டாள். இங்கே எல்லோரும் சுகம். மாரிமழையை நம்பிச் செய்யும் காலபோக நெல் விதைப்பு முடிந்துவிட்டது, இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். என் முழங்கால்தான் மழைக்கு முதலே வலிக்கத் தொடங்கிவிட்டது.

சரி, நீ வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வாங்கப் பார்க்கிற காணி விசயத்துக்கு வருகிறேன். தரகர் உனக்கு அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கிரவல் கொட்டி மட்டப்படுத்தி, நான்கு மூலைக்கும் கொங்கிரீட் தூண் நட்டு, பார்க்க வடிவாகத்தான் வைத்திருக்கிறார்கள். 20 பேர்ச், நம் கணக்கில் இரண்டு பரப்பு. பின்பக்கம் திரும்பினேன், அங்கே ஒரு மருதமரம் நின்றது. எந்த மருதமரம் தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயும் நானும் ஏறியிருந்து தூண்டில் போட்ட மரம். மார்கழியில் அதன் அடிவரை தண்ணீர் நிற்கும், உன் ஒற்றைச் செருப்பு மிதந்து போனதும் அங்கேதான். மச்சான், நீ காசு கொடுக்கப் பார்ப்பது குளத்தின் அலைகரைக்கு, குளம் நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்துக்கு.

விவசாயத்தையும் குளங்களையும் பார்க்கிற கமநல சேவைத் திணைக்களத்தில் அத்தனை வருடம் இந்தக் குளங்களோடு கிடந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் வருகிறது. நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார். வேப்பங்குளம், நெளுக்குளம், பண்டாரிக்குளம், கூமாங்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம். பெயரே வழி சொல்கிறது. ஒவ்வொரு ஊரிலும் குளக்கட்டு எங்கே, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் துருசு எங்கே, மிச்சத் தண்ணீர் வழியும் வான் எந்தப் பக்கம் பாய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டுக்குக் கீழே இருப்பது வயல். வயலை நிரப்பி வீடு கட்ட 2000 ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். கட்டுக்கு மேலே அலைகரை, அது குளத்தின் ஒதுக்கு. இரண்டுக்கும் வெளியே மேட்டுக்காணி, வீட்டுக்கு உரியது அதுதான். கோடையில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும், தரகர்கள் கோடையில் படம் எடுப்பதும் அதனால்தான். நகரத்தின் நடுவில் இருக்கிற வவுனியாக் குளத்துக்கே ஒரு பக்கம் மண் போட்டு நிரப்பியாயிற்று. சின்னக் குளங்களின் கதையை நான் சொல்லவா வேண்டும்? 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

எந்தப் பக்கம் நல்லது என்று கேட்டிருந்தாய். குருமன்காடும் வைரவபுளியங்குளமும் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அங்கே வீடு கட்டினால் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை, ஆனால் வெறுங்காணி கிடைப்பது கடினம். எனக்கு நம்பிக்கை மன்னார் வீதிப் பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆவணியில் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியே வந்துவிட்டது, பம்பைமடுவில் இருக்கிறது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், தங்க நல்ல அறைகள் வேண்டும். பாதுகாப்பான கிணறும் ஒழுங்கான மலசலகூடமும் வைத்து நாலு அறை கட்டினாலே உனக்கும் வருமானம், அந்தப் பிள்ளைகளுக்கும் நிம்மதி. ஓமந்தைப் பக்கம் ஏ9 வீதியோரம் மலிவு என்று சொல்கிறார்கள். போர்க்காலத்தில் அந்தச் சோதனைச்சாவடியில் வெயிலில் நின்ற நாட்களை நினைத்தால், அங்கே இன்று கடைகளும் வீடுகளும் வருவதைப் பார்க்க மனதுக்கு நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பத்து வருடம் பொறுத்திருப்பவனுக்கு உரிய இடம். விலையை நான் எழுதவில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு ஒன்று, உள்ளூரானுக்கு ஒன்று என்று சொல்கிறார்கள், நேரில் வந்தால் நான் கூட இருந்து பேசித் தருகிறேன்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வவுனியாவைச் சுற்றி எத்தனையோ காணி பெர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தோடு 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத்துக்குக் கொடுத்தது. அதைப் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு எழுதித் தந்தாலும் அது வெறும் கடதாசி. உறுதிக்காணி என்றால் காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடி எடு. விற்கிறவர் மணமான பெண்ணாக இருந்து, அது அவருடைய சீதனக் காணி என்றால், வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவருக்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. பங்குக்காணி என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் வாங்கினால் பிறகு வழக்குத்தான்.

இன்னொன்று, நீ இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டாயா என்று எழுதவில்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசை இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. இங்கே இருக்கிற உறவுக்காரர் ஒருவரின் பெயரில் வாங்கிவைக்கலாம் என்று உன் தம்பி சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் வேண்டாம், பின்னாளில் அவருடைய பிள்ளைகளும் உன் பிள்ளைகளும் முகம் பார்க்காமல் போவார்கள். முதலில் குடியுரிமை அலுவலை முடி. முத்திரை வரிக்கும் காசு ஒதுக்கு. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஐந்து காணி வெளிநாட்டில் இருப்பவர்களுடையது. மதில் கட்டிப் பூட்டிக் கிடக்கிறது, பற்றை வளர்ந்து பாம்பும் நுளம்பும். முன்வீட்டு ஆசிரியப் பிள்ளை மூன்று வருடமாக இரண்டு பரப்பு வாங்கக் காசு சேர்க்கிறாள், சேர்க்கச் சேர்க்க விலை ஓடுகிறது. ஆளில்லாமல் கிடப்பது உடையவனுக்கும் நல்லதில்லை. 2025 பங்குனி 28 இல் வடக்கில் கிட்டத்தட்ட 5,940 ஏக்கருக்கு, மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரசகாணி என்று வர்த்தமானி வந்தபோது, உறுதியைத் தொலைத்துவிட்டு வெளியில் இருந்தவர்கள் எவ்வளவு பதறினார்கள். உயர் நீதிமன்றம் ஆனியில் அதை இடைநிறுத்தியபோதுதான் மூச்சு வந்தது. நீ வாங்கினால் பூட்டிவைக்காதே. அறை கட்டு, அல்லது பத்துத் தென்னையாவது வைத்து ஒரு குடும்பத்தை இருத்து. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தரகருக்கு முற்பணம் அனுப்பாதே. மார்கழியில் லீவு எடுத்து வா. குளம் வான் பாயும் நேரம் வந்தால் எந்தக் காணி மேடு, எந்தக் காணி பள்ளம் என்று நடந்தே பார்த்துவிடலாம். நெளுக்குளப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மேட்டுக்காணி இருக்கிறது, உறுதியை இப்போதே வாங்கிப் பார்க்கத் தொடங்குகிறேன். டிக்கெற் போட்டதும் நாளைச் சொல். விரால் குழம்பு வைக்க இரண்டு நாள் முன்பே தெரிய வேண்டுமாம் இவளுக்கு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி