திரையில் எழுத்து வந்துவிட்டது: உதவிய அனைவருக்கும் நன்றி

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு அந்தப் பழைய, 1980-களின் ஐபிஎம் எக்ஸ்டி வகைக் கணினி இயங்கத் தொடங்கியது. 640 கேபி நினைவகத்தை எண்ணி முடித்து, ஒரேயொரு குறும்பீப் எழுப்பி, பிளாப்பி என்னும் நெகிழ்வட்டைப் படித்து, தட்டைத் திரை மானிட்டரில் டாஸ் என்ற அக்கால இயங்குதளத்தின் கட்டளை வரியைக் காட்டி நின்றது. அது ஏன் எழுந்தே தீர வேண்டியிருந்தது என்பதும், அதன் வன்தட்டில் யாருடைய எழுத்துகள் இருந்தன என்பதும் உங்களுக்குத் தெரியும். கோப்புகள் அனைத்தும் சேதமின்றிப் பிரதி எடுக்கப்பட்டுவிட்டன என்ற செய்தியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். படபடப்பு இன்னும் முழுதாக அடங்காத நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

உதவியவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. எனக்கும் அவருக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. என் இயந்திரத்தில் மின்விசிறிகூடச் சுற்றவில்லை என்று கேள்விப்பட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தம்முடைய அதே வகைக் கணினியின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு முனையாக அளந்து, கோடு போட்ட தாளொன்றில் நீல மையால் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பினார். தாளில் மூன்று நிரல்கள் இருந்தன. முதலாவதில் அளக்க வேண்டிய இடம். இரண்டாவதில் அவருடைய இயந்திரம் காட்டிய மின்தடை அளவு. மூன்றாவதன் தலையில் ‘உங்களுடையது’ என்று எழுதி, கீழே எல்லாக் கட்டங்களையும் காலியாக விட்டிருந்தார்.

இதில் எவ்வளவு துணிவு இருக்கிறது என்பது பழைய இயந்திரங்களோடு பழகியவர்களுக்கு விளங்கும். இந்த மின்தடைகளை அளக்க வேண்டுமானால், மின்வழங்கியிலிருந்து (பவர் சப்ளை) தாய்ப்பலகைக்கு (மதர்போர்டு) வரும் பி8, பி9 என்ற இரண்டு இணைப்பான்களையும் கழற்றியாக வேண்டும். திரும்பச் செருகும்போது இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அருகருகே வர வேண்டும். இடம் மாறினால் பலகையே போய்விடக்கூடும். பழுதில்லாத தம் இயந்திரத்தை, முகமறியாத ஒருவருக்காக அந்த ஆபத்துக்கு அவர் உட்படுத்தியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்தத் தாளின் வரிசையே ஒரு பாடமாக இருந்தது. திரை கறுத்துக் கிடந்தால் எல்லோருடைய கவனமும் மானிட்டர் மீதுதான் போகும். அவரோ மானிட்டரைக் கடைசி வரிக்குத் தள்ளி, மின்சாரத்தை முதலில் வைத்து, பீப் ஒலியை இடையில் எழுதியிருந்தார். நான் மூன்றாவது நிரலை மேலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தேன். 5 வோல்ட் வரி அவருடைய அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. 12 வோல்ட் வரியில் என் மீட்டர் சுழியத்தை ஒட்டி நின்றது. அந்த வழியில் வரிசையாக நிற்கும் சிறிய மஞ்சள் டான்டலம் கெபாசிட்டர்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. அதனால்தான் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள உடனுக்குடன் அணைந்துகொண்டிருந்தது. வயதான டான்டலங்கள் இப்படிப் போவது வழக்கம்தான். அந்த ஒன்றை எடுத்ததும் மீட்டர் காட்டிய அளவு ஏறியது, விசிறி சுற்றியது, ஸ்பீக்கரிலிருந்து ஒரு நெடும்பீப்பும் இரண்டு குறும்பீப்புகளும் வந்தன. திரை அட்டையில் கோளாறு என்பதற்கான அறிகுறி அது என்றும், அட்டையின் தொடுமுனைகளைத் துடைத்துவிட்டு மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள் என்றும் தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தேன், ஒற்றைப் பீப்பாக மாறியது.

கடைசி வரி மானிட்டருக்கு உரியது. இந்தக் கணினியில் இருப்பது 1981-இல் வந்த சிஜிஏ என்னும் வண்ணத் திரை அட்டை; அது 15.7 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட அலைவெண்ணில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 15,700 திரைவரிகள் வீதம், இயங்குவது. என் தட்டைத் திரை மானிட்டர் ஏற்கும், 1987-இல் வந்த விஜிஏ முறைக்கோ 31.5 கிலோஹெர்ட்ஸ் தேவை. சிஜிஏவின் 9 முனைச் செருகியில் சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் என நான்கு இலக்கமுறைக் குறிகைகள் (டிஜிட்டல் சிக்னல்கள்) வருகின்றன, அவை ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டுமே பேசுகின்றன. விஜிஏ மானிட்டரோ 0 முதல் 0.7 வோல்ட் வரையிலான ஏற்ற இறக்கத்தை எதிர்பார்க்கிறது. வெறும் கேபிளை மாற்றுவதால் இது தீராது, இரண்டையும் மொழிபெயர்க்கும் மாற்றிப் பலகை வேண்டும். 8, 9-ஆம் முனைகளில், படத்தின் வரிகளையும் சட்டங்களையும் ஒழுங்குபடுத்தும் ஒத்திசைவுக் குறிகைகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே பலகையை இணைக்கும்படி அவர் எழுதியிருந்தார். படம் வந்த செய்தியைச் சொன்னதும் அவர் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன்: “6-ஆம் எண் நிறம் பழுப்பாகத் தெரிகிறதா, மங்கிய மஞ்சளாகத் தெரிகிறதா?” சிஜிஏவுக்கென ஐபிஎம் விற்ற 5153 மானிட்டரில், அதன் 16 நிறங்களுள் அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைக் குறைத்துப் பழுப்பாக்கும் சுற்று ஒன்று இருந்தது, மலிவான மாற்றிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. எனக்குப் பழுப்பாகவே தெரிகிறது, ஐயா.

மற்றவர்களுக்கும் என் நன்றி கொஞ்சமும் குறைந்ததன்று. மாற்றிப் பலகையைக் கடனாகத் தந்தவர், செருகி ஒன்றுபோல் இருந்தாலும், எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி கணினியின் விசைப்பலகை எக்ஸ்டியில் வேலை செய்யாது என்று சொல்லி, இரண்டிலும் இயங்கும் விசைப்பலகையை அனுப்பியவர், 1.2 எம்பி பிளாப்பி டிரைவின் தலை குறுகலானது, அதில் எழுதியதை 360 கேபி டிரைவ் சரியாகப் படிக்காமல் போகலாம் என்பதால், உண்மையான 360 கேபி டிரைவிலேயே பிளாப்பியை எழுதித் தந்தவர், பழைய படக்குழாய் மானிட்டரை அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், திறக்காதீர்கள் என்று நள்ளிரவில் அழைத்துத் தடுத்தவர் என அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கடனாக வந்த பொருள்கள் இந்த வாரமே பத்திரமாகத் திரும்பி வரும்.

அந்தத் தாளை அச்சிட்டு, என் அளவுகளை எழுதி, நான்காவதாக ஒரு நிரலைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறேன். எக்ஸ்டி வகை இயந்திரம் உயிரின்றிக் கிடக்கிறது என்று யார் சொன்னாலும் அதை அனுப்பி வைப்பேன். தாளில் இல்லாத முனை எதையாவது அளக்க வேண்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள், என் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி அளந்து சொல்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் அன்புக்குரிய நண்பன்