கட்டைவிரல் போதாது

அன்புள்ள கண்ணா,

நீ நலம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் அவள் காதில் விழுந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் சின்னவளைப் பற்றியது.

தான் எழுதிக்கொண்டிருக்கும் மியூசிக்கலிலிருந்து, அதாவது பாட்டுகளால் கதை சொல்கிற மேடை நாடகத்திலிருந்து, இரண்டு பாட்டை அவளே பாடிப் பதிவு செய்து உனக்கு அனுப்பினாள் இல்லையா, அதற்கு நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். ஒவ்வொரு பாட்டும் நாலு நிமிஷம். உன் கட்டைவிரல் இரண்டு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் போடவில்லை, அவள் போட்டாள். "நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தாகூடப் பரவாயில்லைம்மா" என்றாள். அதை அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

நீ வீட்டில் இருந்தவரை அவளுக்கு அது பாட்டுக் கேட்கிற பழக்கம், அவ்வளவுதான். 'ஹாமில்டன்' நாடகத்தை 2016-ல் மேடையிலேயே படம்பிடித்து 2020-ல் வெளியிட்டார்களே, அதை நீயும் அவளோடு உட்கார்ந்து பார்த்தாய், பாதியில் தூங்கிப்போனாய். அவள் தூங்கவில்லை. முதல் பாட்டிலேயே கதை சொல்கிறவன் 'இவனைச் சுட்டவன் நான்தான்' என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறான். அப்புறமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஏன் நகராமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று மறுநாள் என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளே தேட ஆரம்பித்தாள். இப்போது எல்லாவற்றைப் பற்றியும் அவளிடம் தீர்ப்பு இருக்கிறது, மேல்முறையீடுதான் கிடையாது.

"பேசிக்கொண்டிருக்கிற மனுஷங்க திடீர்னு எதுக்குப் பாடணும்?" என்று நீ அவளைச் சீண்டுவாயே, அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். பேச்சு தாங்காத இடம் வரும்போதுதான் பாட்டு வரவேண்டுமாம். பாட்டு முடியும்போது அந்த ஆள் தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அந்தப் பாட்டு வீணாம். இதற்கு அவள் எடுத்துக்காட்டுவது 1943-ல் வந்த 'ஓக்லஹோமா!'. அந்தக் காலத்தில் திரை விலகியதும் ஆடும் பெண்கள் கூட்டமாக வந்து நிற்பதுதான் வழக்கம். இந்த நாடகத்தை எழுதிய ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் அதை விட்டுவிட்டு, வயதான ஒரு பெண்மணியைத் தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைய வைத்தார்கள். அழகான காலையைப் பற்றி ஒருவன் பாடுவது மேடைக்கு வெளியேயிருந்து முதலில் குரலாக மட்டும் வருகிறது. அதன் பிறகுதான் ஆள் வருகிறான். அந்த நாடகம் 2,212 காட்சிகள் ஓடியது. இதை அவள் எனக்கு நடித்தே காட்டினாள். நான் கைதட்டினேன். அந்த இடத்தில் கைதட்டக் கூடாதாம், அதற்கும் கோபம்.

அப்புறம் 'மம்மா மியா!' மாதிரி, ஏற்கெனவே பிரபலமான பாட்டுகளை வைத்துக் கதை கட்டுகிற வகை இருக்கிறதே, அது அவளுக்கு ஆகவே ஆகாது. தைத்து முடித்த சட்டைக்கு ஆள் தேடுகிற வேலை என்கிறாள். எனக்கு அந்த நாடகம் பிடிக்கும். கவலையில்லாமல் சிரித்துவிட்டு எழுந்து வருவதில் என்ன குறைந்துபோகிறது? இதைச் சொன்னதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்குச் சொல்லி முடியாது. 2004-ல் அமெரிக்க மேடை நாடகங்களுக்குத் தருகிற டோனி விருது 'விக்கிட்' நாடகத்துக்குக் கிடைக்காமல், பொம்மைகளை வைத்து நடத்திய 'அவென்யூ க்யூ'வுக்குப் போனதில் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. தான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு அநியாயத்துக்காக ஒருத்தி சாப்பிடாமல் எழுந்து போக முடியும் என்பதை நான் இந்த வீட்டில்தான் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முழுக்க அவள் பக்கம். 1964-ல் வந்த 'மை ஃபேர் லேடி' படத்துக்காக ஆட்ரி ஹெப்பர்ன் பயிற்சி எடுத்துத் தானே பாடினார். கடைசியில் அவர் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு மார்னி நிக்சன் என்பவரின் குரலைச் சேர்த்தார்கள். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் நடாலி வுட்டுக்குப் பாடியவரும் அவர்தான். நீ "அதுல என்ன தப்பு, ஒருத்தர் நடிப்பாங்க, இன்னொருத்தர் பாடுவாங்க" என்பாய். நமக்கு அது பழகிப்போன விஷயம்தான். ஆனால் நமக்குப் பாடினவர் யார் என்று தெரியும், அவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டையே தேடுகிறோம். அங்கே அந்தப் பெண்ணின் பெயரைத் திரையில் போடவே இல்லை. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு விற்பனையில் அவருக்கும் பங்கு வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து ஒரு சிறு பங்கைக் கொடுத்திருக்கிறார். சின்னவளுக்குக் கோபம் குரலை மாற்றியதில் இல்லை, மறைத்ததில். சரிதானே?

எனக்கும் அவளுக்கும் நிஜமாகவே முட்டிக்கொள்வது 'மெரிலி வி ரோல் அலாங்' விஷயத்தில். சோண்ட்ஹைம் இசையமைத்தது. மூன்று நண்பர்களின் கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொல்கிற நாடகம்: கசந்துபோன நடுவயதில் ஆரம்பித்து, அவர்கள் இளைஞர்களாக மொட்டைமாடியில் நின்று ஸ்புட்னிக் செயற்கைக்கோளை வானத்தில் தேடுகிற இரவில் முடிகிறது. 1981-ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் தொடங்கி 16 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். சோண்ட்ஹைமும் இயக்குநர் ஹால் பிரின்ஸும் அதற்குப் பிறகு இருபது வருஷம் போலச் சேர்ந்து வேலை செய்யவே இல்லை. அதே நாடகம் 2023-ல் திரும்பி வந்து, அடுத்த வருஷம் சிறந்த மறுதயாரிப்புக்கான டோனியை வாங்கியது. 1981-ல் பார்த்தவர்கள் முட்டாள்கள், அதற்கு இதுதான் சாட்சி என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடையில் அதை எழுதினவர்கள் சும்மா இருக்கவில்லை. பாட்டுகளை எடுத்தார்கள், புதிதாகச் சேர்த்தார்கள், காட்சிகளை மாற்றினார்கள். 2023-ல் கைதட்டியவர்கள் பார்த்தது அப்படித் திருத்தி வந்த நாடகத்தை. முதலில் வந்தவர்களை எதற்குத் திட்ட வேண்டும்? இதைச் சொன்னபோது அவள் பதில் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைக்காதே, எங்கேயோ போய் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

இந்தக் கதைகள் போதும். உன்னிடம் சொல்ல வந்தது இன்னொரு கதை.

அதே சோண்ட்ஹைம் பதினைந்து வயதில், தான் படித்த பள்ளிக்கூடத்தை வைத்தே ஒரு மியூசிக்கல் எழுதினார். கூட்டாளியின் அப்பாதான் 'ஓக்லஹோமா!' எழுதிய ஹேமர்ஸ்டைன். அவரிடம் கொண்டுபோய், என்னைத் தெரியாதவர் மாதிரி, உங்கள் மேஜைக்கு வந்த ஒரு நாடகம் மாதிரி படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். நேரே பிராட்வேக்கே போய்விடலாம் என்று பையனுக்கு மனசுக்குள் கனவு. ஹேமர்ஸ்டைன் படித்துவிட்டு, நான் படித்ததிலேயே மிக மோசமானது இதுதான் என்று சொன்னார். ஆனால் அதோடு அனுப்பிவிடவில்லை. உட்கார வைத்து, முதல் பக்கத்து மேடைக் குறிப்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக ஏன் மோசம் என்று ஒரு மத்தியான நேரம் முழுக்க விளக்கினார். பிறகு எழுதிப் பழக நாலு வேலை கொடுத்தார்: உனக்குப் பிடித்த ஒரு நாடகத்தை மியூசிக்கல் ஆக்கு, குறையுள்ளது என்று நீ நினைக்கிற ஒன்றை ஆக்கு, நாடகமாகாத ஒரு கதையை ஆக்கு, கடைசியாக உன் சொந்தக் கதையை எழுது. பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்கக் கற்பதைவிட அந்த ஒரு மத்தியானத்தில் அதிகம் கற்றேன் என்று சோண்ட்ஹைம் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' நாடகத்துக்குப் பாட்டு எழுதி அது மேடையேறியபோது அவருக்கு 27 வயது.

இந்தக் கதையை அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று கேட்காதே. அவள் உன்னிடம் எதிர்பார்த்தது என்ன என்று இப்போது புரிகிறதா? நீ கீபோர்டு படித்தவன், சுருதி தெரிந்தவன். வீட்டில் அப்படி வேறு யார் இருக்கிறார்கள்? நான் கேட்டுவிட்டு "நல்லா இருக்கு கண்ணு" என்பேன், அது அம்மா சொல்வது, அதற்கு மதிப்பு கிடையாது.

ஆனாலும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், சரியா என்று நீ பார். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற அப்பாவை விட்டுவிட்டு ஒரு பெண் கிளம்புகிற கதை. முதல் பாட்டுக்கு முந்தைய வசனத்தில் அந்தப் பெண் 'நாளைக் காலையில் கிளம்புகிறேன்' என்கிறாள். அப்புறம் நாலு நிமிஷம் அதையேதான் பாடுகிறாள். பாட்டு முடிந்த பிறகும் நாளைக் காலையில்தான் கிளம்புகிறாள். தன் சட்டத்தைத் தானே மீறுகிறாள் பார்! இன்னொன்று, உச்சியில் அவள் குரல் கிழிகிறது. அவள் தொண்டைக்கு எட்டாத இடத்தில் மெட்டைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். 1973-ல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' ஒத்திகையின்போது நடிகை கிளினிஸ் ஜான்ஸுக்கு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிற்க முடியவில்லை என்பதற்காகவே சோண்ட்ஹைம் சின்னச் சின்ன வரிகளாக, மூச்சு வாங்கிக் கேட்கிற கேள்விகளாக ஒரு பாட்டை எழுதினார். அவர் எழுதியதிலேயே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பாட்டு அதுதான். இது அவளுக்குத் தெரிந்த கதைதான். தன் பாட்டுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. நான் சொன்னால் ஏற்க மாட்டாள், நீ சொல்லலாம்.

இரண்டாவது பாட்டு வேறு மாதிரி. அது அப்பா பாடுவது. மகளைப் போகாதே என்று அவர் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. விளக்கின் கண்ணாடியை எப்படித் துடைக்க வேண்டும், உப்புக் காற்று எந்தப் பக்கம் அதிகம் படியும், இதை மட்டும்தான் பாடுகிறார். நீ பெட்டியோடு கிளம்பின அன்று உங்கள் அப்பா ரொம்ப நேரம் அந்தப் பெட்டியின் சக்கரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதை வைத்துத்தான் எழுதினாளா என்று நான் கேட்கவில்லை. பாட்டு நன்றாக வந்திருக்கிறது. எந்த வரி, ஏன் என்று உனக்குத் தோன்றினால் அதையும் குறிப்பாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள். அதற்குள் இரண்டையும் முழுசாகக் கேட்டுவிடு. கேட்டேன் என்று பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டாவது பாட்டின் நடுவில் பக்கத்து அறையிலிருந்து அப்பா இருமுவது பதிவாகியிருக்கிறது. அதை எடுத்துவிடவா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. அங்கிருந்து பேச்சை ஆரம்பித்தால் நம்புவாள். நான் எழுதினதாக மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா