அந்தப் ப்ராஜெக்ட் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணைவேந்தர் நியமனம் பற்றிய செய்திகளை உங்கள் இதழில் விடாமல் படித்து வருகிறேன். நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா அரசுக்கா என்ற வழக்கு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் வந்து உட்காருபவர் மாணவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பேசக் காணோம். காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மார்ச், ஏப்ரல் வந்தால் எங்கள் கடையில் ராத்திரி வரை ப்ராஜெக்ட் பைண்டிங் நடக்கும். சுற்றுவட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பென் டிரைவோடு வருவார்கள். முன்பு படித்த சீனியர் கொடுத்த பைலில் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றச் சொல்வார்கள். நன்றியுரை கூட எழுத்து மாறாமல் அப்படியே இருக்கும். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை. ஐந்து மார்க், பத்து மார்க் கேள்விகளுக்கு நோட்ஸை மனப்பாடம் செய்தே ஒவ்வொரு செமஸ்டரையும் தாண்டி வந்த பிள்ளையிடம், கடைசி செமஸ்டரில் சொந்தமாக ஆராய்ந்து எழுது என்றால் அது என்ன செய்யும்?

அதே கூட்டத்தில் ஒரு நாள் வரலாறு முதுகலை படிக்கும் ஒரு பெண் வந்தாள். தன் ஊர் ஊருணியைப் பற்றி எழுதியிருந்தாள். மழைத்தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வருகிறது, எந்த இடத்தில் வீடு கட்டி அதை அடைத்தார்கள், குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைக்கக் கூடாது என்று ஊரார் எப்படிக் காவல் வைத்தார்கள் என்றெல்லாம் பெரியவர்களிடம் கேட்டு எழுதியிருந்தாள். கையால் வரைந்த வரைபடம் ஒன்று. "இந்த ஒரு பக்கம் மட்டும் கலரில் போடுங்கக்கா" என்றாள். பைண்டிங் முடிவதற்குள் அவளுடைய பேராசிரியர் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "உங்க அப்பத்தா பேரை நன்றியுரையில போட்டியாம்மா? பாதி விஷயம் அவங்க சொன்னதுதானே."

மாணவரை மையமாக வைத்த கல்வி என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஸ்மார்ட் போர்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆனால் அந்தப் பேராசிரியர் ஒருவரின் நல்ல மனசை நம்பியே எத்தனை பேரைக் கரையேற்ற முடியும்? சிலபஸை முடிக்கும் அவசரத்தில் இருப்பவருக்கும், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளருக்கும் ஒரு மாணவியின் ஊருணிக்காக ஒதுக்க நேரம் ஏது? அந்த நேரத்தை உண்டாக்கிக் கொடுக்க வேண்டியவர்கள் துணைவேந்தரும் கல்லூரி முதல்வர்களும்தான்.

இன்று கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளும் வேறு. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து வீட்டிலேயே முதல் பட்டதாரியாக எத்தனையோ பேர் வருகிறார்கள். வாசல் வரை அரசு கொண்டுவந்து விட்டுவிட்டது. உள்ளே போனபின் அந்தப் பிள்ளை எழுந்து நின்று, புரியவில்லை சார் என்று சொல்லத் துணிகிறதா என்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் குழுவும் மாணவர் பங்கேற்புடன் கற்பிக்கிறீர்களா, அனுபவம் மூலம் கற்பிக்கிறீர்களா என்று கேட்கத்தான் செய்கிறது. அதற்கான கோப்புகளும் எங்கள் கடையில் பிரிண்ட் ஆகின்றன. பக்கம் பக்கமாகப் புகைப்படங்கள். அந்த உழைப்பில் பாதியை வகுப்பறைக்குக் கொடுத்தால் போதும்.

தலைமை என்றால் என்ன என்று இந்த ஊருக்கு வெளியாள் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 1947-இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பொட்டலாகக் கிடந்த இடத்தில் படிக்கப்போகும் பிள்ளைகளை அழகப்பர் முன்கூட்டியே பார்த்தார். அவர் போட்ட அடித்தளத்தில்தான் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமும் எழுந்தது. பக்கத்திலேயே அந்த ஆய்வகம், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைகள், தறியில் கண்டாங்கிச் சேலை, ஊருக்கு ஊர் ஊருணி. ஆராய்ச்சிக்கு இவ்வளவு கிடக்கும்போது எங்கள் பிள்ளைகள் பழைய பைலில் பெயரை மாற்றிக்கொண்டிருப்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இனி வரும் துணைவேந்தர்களிடமும் முதல்வர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. ப்ராஜெக்ட் வேலையை முதல் வருஷத்திலேயே சின்னதாகத் தொடங்கி வையுங்கள். அதைத் தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கு இடம் இருக்கிறது. இப்போது படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அப்புறம், ஊரைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ஒரு பிரதி அந்த ஊராட்சி நூலகத்துக்குப் போகட்டும். அந்தப் பிரதிக்கான ஜெராக்ஸையும் பைண்டிங்கையும் என் கடையில் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
காரைக்குடி.